மடக்குவது இருக்கட்டும், முதலில் கால் நீளட்டும்

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 62 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றியவர். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். "இப்பவே எக்சர்சைஸ் ஆரம்பிங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நடக்கவே முடியாத வலியில் என்ன பயிற்சி செய்வது? ஆபரேஷனுக்குப் பிறகு கால் எவ்வளவு மடங்கும்? அம்மா மறுபடி சம்மணம் போட்டு பீடி சுற்றலாமா? பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகியும் கால் விறைத்தே இருக்கிறதே, அது ஏன்?

நான் பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறவள். முக்கூடல், கடையம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் ஊர்களிலிருந்து வரும் பெண்களின் முழங்கால்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மடியில் சொளகை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும் வரை தரையில் இருந்த கால்கள் அவை. முதலாவது தடவை வரும் எல்லோரும் கேட்பது ஒன்றையேதான்: "எம்மா, எப்ப கீழ உக்கார விடுவிய?" கால் எவ்வளவு மடங்கும் என்பதுதான் நம் ஊர்க்காரர்களுக்குக் கவலை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து வேலை செய்து வளர்ந்த நமக்கு அது இயல்பு. ஆனால் உங்கள் அம்மா நாளைக்கு நொண்டாமல் நடப்பாரா என்பதைத் தீர்மானிப்பதில் கால் முழுதாக நீள்வதற்குத்தான் முதல் பங்கு. இதை யாரும் கேட்பதில்லை. அதனால் நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கால் நேராக நீண்டு நின்றால் எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்து உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்ளும். தொடைத் தசைக்கு அதிக வேலை இல்லை. பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியே நின்றால் அப்படி இல்லை. நிற்கும் நேரமெல்லாம் தொடையின் முன்தசை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் களைத்துப் போகும். அந்தக் கால் குட்டையானது போல் ஆகி நடை சாயும். இடுப்பு வலிக்கும். நன்றாக இருந்த இன்னொரு முழங்காலும் கொஞ்ச நாளில் தேயத் தொடங்கும். மடங்குவதில் பத்து டிகிரி குறைந்தால் அன்றாட வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீள்வதில் பத்து டிகிரி குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

இதை என் அம்மாவின் காலில்தான் நான் உறைக்கக் கற்றுக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி, வார்டில் இருந்த ஒரு ஆயா பாசத்தோடு அம்மாவின் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகி வைத்தார். "இப்பத்தான் சொகமா இருக்கு" என்றார் அம்மா. லேசாக மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறையும், அதனால் சுகமாகத்தான் இருக்கும். நான் தெரிந்தே விட்டுவிட்டேன், தூங்கட்டுமே என்று. மூன்று ராத்திரி அப்படியே போயிற்று. இரண்டாவது வாரம் அளந்து பார்த்தால் முழங்கால் நீள்வதில் பன்னிரண்டு டிகிரி குறைவு. அதைத் திரும்பப் பிடிக்க எங்கள் இருவருக்கும் நான்கு மாதம் ஆயிற்று. அம்மா அழுத அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதனால் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிங்காலுக்கு அடியில், துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே கீழே இறங்கி நேராகும்.

இப்போது கையில் இருக்கும் ஒரு மாதத்துக்கு வருகிறேன். நடக்க முடியாத வலியில் என்ன பயிற்சி என்ற கேள்வி நியாயமானது. ஆபரேஷனுக்கு முன்னால் செய்யச் சொல்லும் பயிற்சிகளில் பாதி, மூட்டை அசைக்காமலே செய்பவை. அம்மாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார வையுங்கள். உங்கள் உள்ளங்கையை அவர் முழங்காலுக்கு அடியில் வையுங்கள். "என் கையை நசுக்குங்க" என்று சொல்லுங்கள். முழங்காலைக் கீழே அழுத்தும்போது தொடையின் முன்தசை கல்லு மாதிரி இறுகும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தடவை, காலை, மதியம், மாலை. இது பழகியதும் அதே இறுக்கத்தோடு காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். இன்னொரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டால் இடுப்பு வலிக்காது.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடும். வீக்கமும் வலியும் சேர்ந்து, மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையையே தடுத்து வைக்கின்றன. "தூக்கணும்னு நெனைக்கேன், கால் கேக்க மாட்டேங்கு" என்று முதல் நாள் எல்லோரும் சொல்வது இதனால்தான். நூறு ரூபாய் வைத்திருப்பவர் பாதியை இழந்தால் கையில் ஐம்பது மிஞ்சும். நாற்பது வைத்திருப்பவர் நிலைமை என்ன? இந்த ஒரு மாதத்தில் கையிருப்பைக் கூட்டிக்கொள்கிறோம். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்பயிற்சி செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கக்கூடும். வித்தியாசம் தெரிவது முதல் சில வாரங்களில். பிறர் கை பிடிக்காமல் கட்டிலை விட்டு எழுவது, கழிப்பறைக்குத் தானே போய் வருவது எல்லாம் அந்த வாரங்களில்தான் இருக்கிறது. 62 வயதுப் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னும் இரண்டு பயிற்சிகள். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முடிந்தவரை கையை ஊன்றாமல், வலித்தால் ஊன்றி. பிறகு அதே நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி இடுப்பை ஓர் அங்குலம் உயர்த்துவது. இது கைக்கான பயிற்சி. ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் அம்மாவின் எடையில் ஒரு பங்கை வாக்கர் வழியாகக் கைகள்தான் சுமக்கப் போகின்றன. வாக்கரை இப்போதே வாங்கிப் பழகச் சொல்லுங்கள். வலியோடும் மயக்கத்தோடும் புதிதாக ஒன்றைக் கற்பது கஷ்டம். இடது காலையும் மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நாளைக்கு அதுதான் குடும்பத்தைத் தாங்கும் பிள்ளை.

உடம்பைத் தயார் செய்வதில் பயிற்சி ஒரு பாதிதான். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவை டாக்டர் சொல்லும் எல்லைக்குள் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் புண் ஆறுவது தள்ளிப்போகும், சீழ் பிடிக்கும் ஆபத்தும் கூடும். கருப்பட்டிக் காபி குடித்தால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏறும். கருப்பட்டியும் சர்க்கரைதான். ரத்தசோகை இருந்தால் முன்பே சரி செய்ய வேண்டும். சொத்தைப் பல், விரலிடுக்கில் சேற்றுப்புண், பித்தவெடிப்பில் புண் எதுவும் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் எங்கோ இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய்த் தங்க முடியும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தினாலே நல்லது.

வீட்டையும் ஒரு தடவை அம்மாவின் கண்ணால் சுற்றிப் பாருங்கள். நார்க்கட்டில் நடுவில் குழிந்திருக்கும், அதிலிருந்து புது மூட்டோடு எழ முடியாது. உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும் கட்டிலும் நாற்காலியும் வேண்டும். தரையில் குத்த வைக்கும் கழிப்பறை என்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி மேலே போட்டுக்கொள்ளலாம். பட்டாசலில் (வீட்டின் கூடத்தில்) விரித்திருக்கும் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள். வழவழப்பான தரையில் பத்தமடைப் பாய் சறுக்கும், வாக்கரின் கால் அதன் ஓரத்தில் மாட்டும். உயரமான நிலைப்படி இருந்தால் ஓரத்தில் பளிச்சென்று தெரியும்படி வெள்ளையடியுங்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்க வைப்பார்கள். பயப்பட வேண்டாம். சிமென்ட் வைத்துப் பொருத்திய மூட்டு முதல் நாளிலிருந்தே எடையைத் தாங்கும். கட்டிலில் கிடக்கும் நேரமெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், தையல் மிஷின் மிதிப்பது போல. கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. அது ஓடினால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து குறையும். இது போக அழுத்துவது, நேராகத் தூக்குவது, குதிங்காலைப் படுக்கையில் உரசியபடி மடக்குவது, குதிங்காலுக்கடியில் துண்டு வைத்து ஐந்து பத்து நிமிடம் அப்படியே விடுவது. இந்தக் கடைசிப் பயிற்சியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யுங்கள். சும்மா கிடப்பது போல் தெரியும். வலிக்கும். ஆனால் நான் முழுசாக நம்புவது இதைத்தான்.

சில மருத்துவமனைகளில் காலை வைத்தால் தானாகவே மடக்கி நீட்டும் இயந்திரம் கொடுப்பார்கள். அதில் வைத்தால் தப்பில்லை. ஆனால் இயந்திரம் மடக்கும்போது தசை தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீண்ட நாள் பலன் அதனால் பெரிதாக இல்லை என்பது தெரிந்த விஷயம். எந்தக் கம்பெனி மூட்டு நல்லது என்று வாரக்கணக்கில் விசாரிப்பவர்கள் உண்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உபகரணங்களுக்கு உச்ச விலை வைத்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அந்த அக்கறையில் கால்வாசியை, தினமும் செய்த பயிற்சியை ஒரு நோட்டில் குறித்து வைப்பதில் காட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

வலியைப் பற்றி. பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் டாக்டர் தந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். "மாத்திரை இல்லாம தாங்கிக்கிடுதேன்" என்று வீரம் காட்டுபவர்களின் கால்தான் விறைக்கிறது, ஏனென்றால் வலியில் அவர்கள் காலை அசைப்பதே இல்லை. பயிற்சியில் வலி கூடினால் தவறில்லை. அது ஒரு மணி நேரத்தில் அடங்க வேண்டும், மறுநாள் காலையில் வீக்கம் நேற்றைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம். பயிற்சி முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். உப்பு ஒத்தடம், வெந்நீர், தைலம் போட்டு நீவுவது எல்லாம் இந்த நாட்களில் வேண்டாம். தழும்புக்கு வெளிப்பக்கத்தில் தோல் மரத்திருக்கும். அந்த இடத்தில் சூடு வைத்தால் வெந்துபோனாலும் அம்மாவுக்குத் தெரியாது. அந்த மரப்பைக் கண்டு பயப்படவும் வேண்டாம். கீறும்போது ஒரு சிறு நரம்புக்கிளை அறுபடுவதால் வருவது அது.

வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று. "மடங்க மாட்டேங்கு, நான் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்துதேன்" என்று யாரும் அம்மாவின் காலைத் தொடக் கூடாது. பயந்த தசை எதிர்த்து இழுக்கும், உள்ளே ரத்தம் கசியும், வீக்கம் கூடும், நாளைக்கு இன்னும் குறைவாகத்தான் மடங்கும். அம்மாவே நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலை மேலே வைத்து, ஆபரேஷன் ஆன காலை மெதுவாகப் பின்னால் தள்ளட்டும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்திவிடுவார்கள், சீழ் வைக்கும் என்று. அப்படி இல்லை. வெட்டிய திசு ஒட்டுவதற்கும் தசை வளர்வதற்கும் புரதம்தான் வேண்டும். உளுந்தம்பருப்புச் சோறு நம் ஊர் கொடுத்த வரம், எள்ளுத் துவையலோடு வாரம் இரண்டு மூன்று நாள் ஆக்கிக் கொடுங்கள். நெத்திலி, முட்டை, பயறு எல்லாம் ஆகும்.

நடையில் ஒன்றே ஒன்று கவனியுங்கள்: குதிங்கால் முதலில் பதிய வேண்டும். தார்சாவில் (வீட்டுத் தாழ்வாரத்தில்) இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, வாக்கரோடு, கண்ணை நிமிர்த்தி. இரண்டு மூன்று வாரத்தில் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக் கம்புக்கு மாற்றுவார். கம்பை இடது கையில் பிடிக்க வேண்டும், அதாவது ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க்கையில். இதை முக்கால்வாசிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். பிறகு டவுன் பஸ். அதன் முதல் படி வீட்டுப் படியைவிட உயரம். ஆறாவது வாரத்துக்கு மேல் கைப்பிடிச் சுவர் உள்ள இடத்தில் ஒரு கனமான பலகைக் கட்டையைப் போட்டு ஏறி இறங்கிப் பழகி, அதன் பிறகு பஸ்ஸுக்குப் போகட்டும். தாமிரபரணிக் குளியல் புண் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான். அப்போதும் பாசி பிடித்த படித்துறையில் ஒருவர் கையைப் பிடித்தபடிதான் இறங்க வேண்டும்.

கணக்குக்குச் சொல்கிறேன். சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற ஏறக்குறைய 90. தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 105 வரை. இரண்டு வாரத்தில் 90, மூன்று மாதத்துக்குள் 110 முதல் 120 என்பது நல்ல இலக்கு. குத்த வைத்து உட்கார 130க்கு மேல் வேண்டும். சிலருக்கு அதுவும் வரும். வந்தாலும் நான் உட்காரச் சொல்வதில்லை. அவ்வளவு மடங்கும்போது உலோகத்துக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் பின்விளிம்பில் அழுத்தம் மிகவும் கூடும். அது தேய்ந்தால் மறு ஆபரேஷன்.

அதனால் பீடிக்கு இதுதான் என் பதில். சுற்றலாம், தரையில் வேண்டாம். மூன்று மாதம் கழித்து, கைப்பிடி நாற்காலியில், முன்னால் ஒரு மேஜை போட்டு, அதன்மேல் சொளகு. இலை வெட்டுவதும் அங்கேயே. முதல் வாரம் கை பழகாது, ஆயிரம் சுற்றுகிற இடத்தில் அறுநூறுதான் வரும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து பட்டாசலில் நாலு சுற்று. மேலப்பாளையத்தில் என்னிடம் வரும் பெண்கள் தொழுகையை நாற்காலியில் வைத்துக்கொள்கிறார்கள். கோயிலிலும் சர்ச்சிலும் அப்படியே செய்யலாம். முழந்தாளிடுவதை மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் பாளையங்கோட்டைக்கு வந்துபோக உங்களால் முடியாது என்று தெரியும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆபரேஷனுக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டைச் சுற்றி லேசான சூடும் வீக்கமும் சில மாதம் இருப்பது வேறு, அது இயல்பு.

பக்கத்து வீட்டு ஆச்சி விஷயம். விறைத்த காலை மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்கிவிடும் முறை உண்டு, ஆனால் அது முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். எட்டு மாதத்தில் உள்ளே தழும்பு இறுகியிருக்கும். அதற்காக ஆச்சியைக் கைவிட வேண்டாம். உள்ளே கிருமி இருக்கிறதா, மூட்டு பொருந்திய கோணம் சரியா என்று எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதில் குறை இல்லையென்றால் தொடைத் தசையைத் தேற்றி, குதிங்காலுக்கடியில் துண்டு வைத்து, நீள்வதில் ஐந்து டிகிரி மீட்டாலும் ஆச்சியின் நடை மாறும். ராத்திரி தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் என்ன வைக்கிறார் என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.